எனிவேக்கு ஸ்வீடிஷ்ல என்னங்க?

ஸ்வீடிஷ் கத்துக்க ஆரம்பிச்ச மொத வருஷம் ஒரு நோட்டு வச்சிருந்தேன், நடுவுல கோடு போட்டு இடது பக்கம் இங்கிலீஷ், வலது பக்கம் ஸ்வீடிஷ். ஹவெவர், எனிவே, ஆக்சுவலி, பை த வே, யு நோ, ஐ மீன்னு நாம நாள் முழுக்க பேச்சை ஒட்டவைக்கப் பயன்படுத்துற வார்த்தையெல்லாம் ஒரு பக்கத்துல வரிசையா எழுதி, எதிர்ல ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஸ்வீடிஷ் வார்த்தை போட்டுட்டா மீட்டிங்ல சரளமா பேசிடலாம்னு நம்பினேன். பொருள் பேருக்கு அது சரிப்பட்டு வந்துச்சு, நாற்காலின்னா ஸ்தூல், ஜன்னல்னா ஃபொன்ஸ்தெர், ஒண்ணுக்கு ஒண்ணு. ஆனா இந்த ஒட்டு வார்த்தைங்க மட்டும் ஒரு வரியில அடங்கவே இல்ல. எனிவேக்கு எதிர்ல நாலு வந்துச்சு, ஆக்சுவலிக்கு மூணு, யு நோவுக்கு ஒண்ணுமே இல்லாம காலியா கெடந்துச்சு, கொஞ்ச நாள்ல அந்தப் பக்கமே அடிச்சும் திருத்தியும் கருப்பாயிடுச்சு.

அதுக்கப்புறம் பல வருஷம் இங்க ஸ்வீடன்லயே வேலை பாத்து, ஆபீஸ் மெயில்லருந்து அபார்ட்மென்ட் மீட்டிங் வரைக்கும் எல்லாம் ஸ்வீடிஷ்லயேன்னு ஆனப்புறம் எனக்கு ஒரு விஷயம் நல்லா புரிஞ்சுது. தமிழ் பேசுறவங்களுக்கு இந்த இடத்துல இங்கிலீஷ் வழியா போறது வீண் சுத்து. இங்கிலீஷ்ல ஒரே வார்த்தைக்குள்ள அடைச்சு வச்சிருக்கிற நாலு வேலையை ஸ்வீடிஷ் நாலா பிரிக்குது, தமிழும் அதே மாதிரிதான் பிரிக்குது, பல இடத்துல அதே கோட்டுலயே பிரிக்குது. இதை யாராவது எனக்கு ஆரம்பத்துலயே சொல்லியிருந்தா ரெண்டு வருஷம் மிச்சமாயிருக்கும், அதான் எழுதுறேன். ஸ்வீடிஷ் வார்த்தையை எல்லாம் காதுல விழுற மாதிரி தமிழ்லயே எழுதிடுறேன், உச்சரிப்பு அச்சு அசலா வராது, ஆனா புரியும்.

மொதல்ல ஆக்சுவலி, ஏன்னா அதுலதான் எனக்கு அடி விழுந்துச்சு. ஆபீஸ்ல ஃபீகா நேரம் (காபி இடைவேளை), கூட வேலை பாக்குற ஒருத்தங்க வீட்டுலயே கனேல்புல்லெங்கிற இலவங்கப்பட்டை பன் செஞ்சு தட்டு நெறைய கொண்டுவந்திருந்தாங்க, கமகமன்னு வாசனை, மேல வெள்ளையா சர்க்கரை மணி. ஒரு கடி கடிச்சேன், ரொம்ப நல்லா இருந்துச்சு, ஆக்சுவலி இட்ஸ் ரியலி குட்னு மனசுல ஓடினதை அப்படியே மாத்தி, டென் எ ஃபக்திஸ்க்ட் கூட்னு சொன்னேன். காபி ஊத்திட்டு இருந்த அவங்க கை அரை நொடி நின்னுச்சு. அப்புறம் சிரிச்சு தாக்னு (நன்றி) சொல்லிட்டு அடுத்த கப்புக்குப் போயிட்டாங்க. என்ன தப்புன்னு எனக்கு அப்போ தெரியல, சாயங்காலம் எஸ்எஃப்ஐ வகுப்புல கேட்டேன் (எஸ்எஃப்ஐன்னா வெளிநாட்டுலருந்து வந்து குடியிருக்கிறவங்களுக்கு இங்க நகராட்சி நடத்துற இலவச ஸ்வீடிஷ் வகுப்பு, ஏலருந்து டி வரைக்கும் நாலு கட்டம்). டீச்சர் சொன்னாங்க, ஃபக்திஸ்க்ட்னு போட்டா நீ எதிர்பார்க்காதது நடந்துடுச்சுன்னு அர்த்தம், நல்லா இருக்காதுன்னு நெனச்சேன் ஆனா இருக்குன்னு சொன்ன மாதிரி ஆயிடும்னு.

அதை தமிழ்ல யோசிச்சுப் பாத்தப்ப பகீர்னு இருந்துச்சு. ஒருத்தர் வீட்டுல சாப்பிட்டுட்டு "நல்லாத்தான் இருக்கு"ன்னு சொன்னா எப்படி இருக்கும்? நல்லா இருக்குன்னு சொன்னா பாராட்டு, நடுவுல ஒரு தான் நுழைஞ்சா செஞ்சவங்க முகம் மாறும். ஃபக்திஸ்க்ட் அந்த இடத்துல அதே தான்தான். அன்னிக்கு நான் வா கொட்னு மட்டும் சொல்லியிருக்கணும், எவ்ளோ நல்லா இருக்குன்னு அர்த்தம். மறுநாள் அவங்ககிட்ட போய் விளக்கிச் சொன்னேன், அவங்க அதை மனசுல வச்சிருக்கவே இல்ல, இருந்தாலும் சொன்னதுல எனக்கு நிம்மதி.

ஃபக்திஸ்க்ட் கெட்ட வார்த்தைன்னு நெனச்சுடாதீங்க, யாராவது நீ சாப்பிட்டிருப்பேன்னு நெனச்சு பேசுறப்ப, இல்லங்க நான் இன்னும் சாப்பிடவே இல்லன்னு சொல்ல அது வேணும், எதிராளி நெனப்பை மென்மையா திருத்துற எடத்துல சரியா உக்காரும். இன்னொண்ணு இருக்கு, எயென்ட்லிகென். அது மேல தெரியிறதுக்குக் கீழ இருக்கிற நெஜத்தைத் தோண்டுற வார்த்தை. நியாயமா பாத்தா நான் இந்நேரம் தூங்கப் போயிருக்கணும்ங்கிறோமே, அந்த நியாயமா பாத்தாதான் எயென்ட்லிகென். கேள்வியில வந்தா இன்னும் அழகு, வா மேனார் டு எயென்ட்லிகென்னு ஒருத்தர் கேட்டா "நீ என்னதான் சொல்ல வர்ற?"ன்னு அர்த்தம், பாருங்க மறுபடியும் தான் வந்து நிக்குது. இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஆக்சுவலின்னே சொல்லிடலாம், ஸ்வீடிஷ்ல மாத்திப் போட்டா கேக்குறவங்க ஒரு நொடி தடுமாறுவாங்க.

சரி இப்போ எனக்கு ரொம்பப் புடிச்ச இடம். யு, வெல், நூக், விஸ்ட். நாலும் குட்டிக் குட்டி வார்த்தை, அழுத்தமே இல்லாம வினைக்குப் பின்னாடி ஓடிப்போகும், இங்கிலீஷ் வழியா படிக்கிறவங்க எல்லாரும் அல்லாடுறது இதுலதான், ஏன்னா இங்கிலீஷ்ல இதுக்கு நேரா வார்த்தையே கிடையாது, ஆஸ் யு நோ, ஐ சப்போஸ், ப்ராபப்ளி, அப்பரன்ட்லின்னு நீட்டி நீட்டித்தான் விளக்குவாங்க. தமிழ்ல நாம இதை வால் மாதிரி வார்த்தை கடைசியில ஒட்டிட்டுப் போயிட்டே இருக்கோம்.

டெ எ யு செண்டா இடா. இன்னிக்கு ஞாயித்துக்கிழமையாச்சே! அந்த ஆச்சேதான் யு. உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும், மறந்துட்டியான்னு ஒரு தட்டு தட்டுறது. யா சா யு டென்னா "நான்தான் சொன்னேன்ல". இதுல ஒண்ணு கவனிக்கணும், எதிராளிக்கு நெஜமாவே தெரியாத விஷயத்துல யு போட்டா, இது கூடவா தெரியாதுன்னு கேட்ட மாதிரி குத்தும், தமிழ்லயும் புதுசா வந்தவர்கிட்ட போய் ஆபீஸ் இன்னிக்கு லீவாச்சேன்னா அவருக்கு ஒரு மாதிரி ஆயிடும் இல்லையா, அதேதான்.

டு கொம்மெர் வெல்? நீ வர்றதானே? வெல் போட்டா, அப்படித்தான்னு நெனக்கிறேன், ஆமான்னு சொல்லிடுன்னு கேக்குறது. சாவி உன்கிட்ட இருக்குல்ல, கதவைப் பூட்டிட்டல்ல, இதெல்லாம் வெல். கவனிச்சீங்களா, சொன்னேன்லங்கிற ல யுவுக்குப் போகுது, இருக்குல்லங்கிறது வெல்லுக்குப் போகுது. தமிழ்ல ஒரே வாலை தொனியை மாத்திப் பிரிக்கிறோம், அவங்க வார்த்தையை மாத்திப் பிரிக்கிறாங்க.

ஹன் கொம்மெர் நூக், அனேகமா வந்துருவார். நிச்சயமா தெரியாது ஆனா என் மனசு வருவார்னு சொல்லுதுங்கிற அளவு. நூக்குக்கு இன்னொரு வேலையும் உண்டு, அதை வேலை இடத்துல கண்டிப்பா தெரிஞ்சிருக்கணும். ஒரு யோசனையை நீங்க சொல்லி, மேலாளர் மெதுவா டெ ப்லிர் நூக் ஸ்வோட்னு சொன்னா, வார்த்தைப்படி கொஞ்சம் கஷ்டமா இருக்கும்னுதான் அர்த்தம், ஆனா அது பெரும்பாலும் முடியாதுங்கிறதை மரியாதையா சொல்றது. "நடக்கிறது கஷ்டம்தான் தம்பி"ன்னு ஒரு பெரியவர் சொன்னா நாம மேல கேக்காம எழுந்து வந்துருவோம்ல. நான் அதை ப்ராபப்ளி டிஃபிகல்ட்னு எடுத்துக்கிட்டு, கஷ்டம்தானே, பண்ணிடலாம்னு ரெண்டு வாரம் அதுல உழைச்சேன்.

விஸ்ட்தான் நாலுலயும் பொக்கிஷம். ஹன் ஹார் விஸ்ட் ஃப்லித்தத், அவர் வீடு மாறிட்டாராம். அந்த ஆம்! யாரோ சொல்லிக் கேள்விப்பட்டேன், நான் நேர்ல பாக்கல, பொறுப்பு என்னோடது இல்லன்னு ஒரே அசையில சொல்லிடுறோமே, அதுக்கு இங்கிலீஷ்ல எவ்வளவு சுத்தணும். ஆனா அழுத்திச் சொன்னா கதையே வேற, தனியா விஸ்ட்னு ஓங்கிச் சொன்னா ஓ தாராளமான்னு அர்த்தம், அதனால ஆம் அர்த்தத்துல சொல்றப்ப குரலை எறக்கி அடுத்த வார்த்தையில அழுத்தத்தைப் போடணும்.

இதோட டோவையும் சேத்துக்கலாம். அகராதியில தென், அப்போன்னு இருக்கும். ஆனா பார்க்ல ஒரு அப்பா ஊஞ்சலை விட்டு எறங்க மாட்டேங்கிற புள்ளைகிட்ட கொம் டோன்னு சொல்றதைக் கேட்டேன், அது அப்போ வான்னு இல்ல, "வாயேன்!" கெஞ்சலும் சலிப்பும் கலந்த அந்த ஏன். அந்த ஒரு நொடியில எனக்கு அந்த வார்த்தை முழுசா வசமாயிடுச்சு, ரெண்டு வருஷ இலக்கணப் பாடத்துல வராதது.

எனிவேக்கு வர்றேன், தலைப்புல வச்சுட்டு இவ்வளவு தூரம் இழுத்துட்டேன். மழை பேஞ்சுது, ஆனாலும் போனேன்ங்கிற ஆனாலும்னா எண்டோ. எப்படியும் யாரும் படிக்கப்போறதில்லங்கிற எப்படியும்னாலும் எண்டோ, இ அல்ல ஃபல்லும் போடலாம். கதை எங்கயோ போயிடுச்சு, அது கெடக்கட்டும், விஷயத்துக்கு வருவோம்னா ஹூர் சொம் ஹெல்ஸ்ட். நாலாவது ஒண்ணு இருக்கு, பேச்சை முடிச்சுக் கிளம்புறப்ப சொல்ற எனிவே, அதைக் கடைசியில சொல்றேன், அது தனிச் சுவை. இ அல்ல ஃபல் பத்தி ஒரு வார்த்தை, அது அட்லீஸ்டுக்கும் வரும், வராட்டி போனாவது பண்ணியிருக்கலாம்ங்கிறோமே அந்த ஆவது. ஆனா எண்ணிக்கைக்கு அட்லீஸ்ட்னா மின்ஸ்ட்தான், குறைஞ்சது பத்து பேருன்னா மின்ஸ்ட் தீயு.

பை த வேக்கு ஃபொர்ரெஸ்தென். பிரிச்சா மிச்சத்துக்காகன்னு வரும், நம்ம மத்தபடிங்கிற வார்த்தை மாதிரியே கட்டியிருக்கு, ஆனா பயன்பாடு மத்தபடி இல்ல, "ஆங், சொல்ல மறந்துட்டேனே"தான்.

ஹவெவர்ல நான் பண்ணது வேற மாதிரி. மொழிபெயர்ப்பு ஆப் ஹவெவருக்கு எமெல்லெர்தீட்னு காட்டுச்சு, பெருசா கம்பீரமா இருக்கேன்னு ஆபீஸ் சாட்ல கூட போட்டுட்டு இருந்தேன், மதிய சாப்பாட்டுக்கு எங்க போறதுன்னு பேசுற எடத்துல. ஒரு சிநேகிதர்தான் தனியா கூப்பிட்டு, இது அரசாங்கக் கடிதாசு மாதிரி இருக்கு, மென் போதும்னு சொன்னார். மென்னா ஆனா, அவ்ளோதான். எமெல்லெர்தீட் பழைய காலத்துல இதற்கிடையில்ங்கிற அர்த்தத்துல வந்த வார்த்தை, உள்ள பாத்தா இடையும் நேரமும் இருக்கும், இப்போ எழுத்துல மட்டும்தான் உயிரோட இருக்கு. தமிழ்ல சாட்ல "எனினும்"னு எழுதினா எப்படியோ அப்படி. சொல்லப்போனா அரசாங்கக் கடிதாசே இப்போ அப்படி எழுதக்கூடாது, 2009 ஜூலை 1லருந்து நடைமுறையில இருக்கிற மொழிச் சட்டத்தோட 11வது பிரிவு, பொதுத்துறை எழுதுற மொழி செம்மையா, எளிமையா, புரியிற மாதிரி இருக்கணும்னு சொல்லுது. புரியிற மாதிரி எழுதுறதை ஒரு நாடு சட்டத்துலயே போட்டிருக்குன்னு படிச்சப்ப எனக்கு இந்த மொழி மேல தனிப் பாசமே வந்துடுச்சு.

மெயில்ல கொஞ்சம் மரியாதையா ஹவெவர் வேணும்னா டொக் இருக்கு. ஆனா அதை இங்கிலீஷ் மாதிரி வாக்கியத்தோட தலையில வச்சு கமா போடக்கூடாது, நடுவுல நுழைக்கணும், டெ ஃபின்ஸ் டொக் எட் ப்ரொப்லேம், ஒரு சிக்கல் இருக்கு ஆனான்னு பேச்சுல கடைசியில போடுவோமே, அந்த மாதிரி உள்ள தள்ளின ஆனா. ரெண்டு விஷயத்தை எதிரெதிரா வச்சு, அவருக்குக் காபி புடிக்காது, டீன்னா குடிப்பார்னு சொல்றப்ப டேரெமூட், அது வேற வேலை.

இலக்கணம் கொஞ்சம் தொட்டுட்டுப் போறேன், அதிகம் வேண்டாம். ஸ்வீடிஷ்ல முக்கிய வாக்கியத்துல வினை ரெண்டாவது எடத்தை விட்டு நகராது. அதனால டேர்ஃபொர் (அதனால) மாதிரி ஒண்ணை முன்னாடி வச்சா, நான்ங்கிறது வினைக்குப் பின்னாடி போயிடும், டேர்ஃபொர் யிக் யா ஹெம், அதனால போனேன் நான் வீட்டுக்கு. ஆனா சோ (ஸோ மாதிரிதான் ஒலிக்கும், ஸோங்கிற அர்த்தம்தான்), மென், ஒக் (இங்கிலீஷ் அண்ட்) மாதிரி ரெண்டு வாக்கியத்தை இணைக்கிற வார்த்தைங்க இடத்தை அடைக்காது, அப்போ வரிசை மாறாது. அப்புறம் டேர்ஃபொர் கூட அட் சேந்தா ஏன்னான்னு தலைகீழாயிடும், இதை மாத்திப் போட்டா காரணமும் விளைவும் எடம் மாறிடும், பாத்துக்கங்க. ஏன்னாவுக்கு அப்புறம் வர்ற துணை வாக்கியத்துல இந்தெங்கிற இல்லை, வினைக்கு முன்னாடி வரணும், இதைத்தான் வகுப்புல பிஃப் விதின்னு சொல்லிக் குடுப்பாங்க, அந்த விதியோட ஸ்வீடிஷ் வார்த்தைங்களோட முதல் எழுத்தைச் சேத்த பேரு.

எப்படிப் பழகறதுன்னு கேட்டீங்கன்னா, எனக்கு ரொம்ப உதவினது சப்டைட்டில். இங்க டிவியில பெரியவங்களுக்கான இங்கிலீஷ் தொடர், படம் எதையும் டப் பண்றதில்ல, ஸ்வீடிஷ் எழுத்து கீழ ஓடும். காது இங்கிலீஷ்ல இருக்கும், கண்ணு ஸ்வீடிஷ்ல இருக்கும். ஒருத்தர் எனிவேன்னு சொல்ற ஒவ்வொரு தடவையும் நிறுத்தி கீழ என்ன வந்துச்சுன்னு எழுதி வச்சேன், ஒரு மாசம். பாதி எடத்துல ஒண்ணுமே இல்ல! யு நோ, ஐ மீன், வெல், எல்லாத்தையும் மொழிபெயர்க்கிறவங்க அப்படியே விட்டுடுறாங்க. ரெண்டு வரிக்குள்ள அடக்கணும்ங்கிறது ஒரு காரணம், ஆனா அந்த வார்த்தை இல்லாமலே வாக்கியம் நிக்குதுங்கிறதும்தான். விடுறதும் மொழிபெயர்ப்புதான்னு எனக்கு அப்போதான் தெரிஞ்சுது. சில எடத்துல இங்கிலீஷ்ல எதுவுமே இருக்காது, கீழ ஒரு யு முளைச்சு நிக்கும், அந்த மாதிரி ஒண்ணு கண்ணுல பட்டா அன்னிக்கு முழுக்க சந்தோஷம்.

சந்தேகம் வந்தா ரெண்டு இடம் இருக்கு. ஸ்வென்ஸ்கா அகாடமியோட மூணு அகராதியும் இலவசமா ஒரே தளத்துல கெடைக்குது, அதுல பெரிய வரலாற்று அகராதியோட முதல் தொகுதி 1898ல வந்து, 39வது, கடைசித் தொகுதி 2023லதான் முடிஞ்சுது. இன்னொண்ணு கோதென்பர்க் பல்கலைக்கழகத்துல இருக்கிற மொழி வங்கியோட கோர்ப்ங்கிற தேடல் கருவி, டொக்னு அடிச்சா நாவல், செய்தித்தாள், பிளாக்னு எல்லாத்துலருந்தும் நெஜ வாக்கியங்களை வரிசையா அடுக்கிக் காட்டும், அது எங்க உக்காருதுன்னு கண்ணாலயே பாக்கலாம்.

இப்போ மிச்சம் வச்சதுக்கு வர்றேன். எதிர்மறைக் கேள்விக்கு ஆமான்னு பதில் சொல்ல ஸ்வீடிஷ்ல யூன்னு தனி வார்த்தை இருக்கு, எழுதுறப்ப தமிழ்ல முன்னாடி சொன்ன யு மாதிரியே தெரியும், ஆனா வாயைக் குவிக்கிற விதம் வேற, அவங்க காதுக்கு ரெண்டும் ரெண்டு. சாப்பிடலையான்னு கேட்டா, சாப்பிட்டேனேங்கிற அர்த்தத்துல யூ. இதெல்லாம் வகுப்புல வந்துடும். வகுப்புல வராதது, யாரும் எதுவும் கேக்காதப்பவே அவங்க யூன்னு ஆரம்பிக்கிறது. யூ, யா தெங்க்தெ ஃப்ரோகா என் சாக். ஆமா, ஒரு விஷயம் கேக்கலாம்னு நெனச்சேன். எதுக்கு ஆமான்னு ரொம்ப நாள் புரியல. அப்புறம் பாத்தா நாமளும் ஒருத்தர் கதவைத் தட்டிட்டு "இல்ல, ஒரு விஷயம் கேக்கலாம்னு வந்தேன்"னுதான் ஆரம்பிக்கிறோம். யாரும் எதுவும் சொல்லாதப்ப எதுக்கு இல்ல? அவங்க ஆமால ஆரம்பிக்கிறாங்க, நாம இல்லல ஆரம்பிக்கிறோம், வேலை ஒண்ணுதான், திடீர்னு விஷயத்துல குதிக்காம ஒரு படி வைக்கிறது. முடிக்கிறப்ப அப்படியே மாறிடும், நாம "சரி, கிளம்புறேன்"னு சொல்றோம், அவங்க நே, நு மோஸ்தெ யா கோன்னு சொல்றாங்க, நேன்னா இல்ல. இதுதான் அந்த நாலாவது எனிவே.

போன வாரம் எங்க அபார்ட்மென்ட்ல துணி துவைக்கிற பொது அறை, ட்வெட்ஸ்தூகா, என் முறை ஏழு மணிக்கு. போய்ப் பாத்தா ரெண்டு மெஷின்லயும் வேற யாரோட துணியோ கெடக்குது. கீழ் வீட்டுப் பெரியவரோடதுன்னு கூடையைப் பாத்துத் தெரிஞ்சுது, போய் மணி அடிச்சேன். கதவைத் திறந்தார். யூ, யா தெங்க்தெ ஃப்ரோகான்னு தானா வந்துச்சு, அடுத்தது டெ எ வெல் டீனா க்லெடெர், அது உங்க துணிதானேன்னு. அவர் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டு, செருப்பை மாட்டிட்டு கூடவே எறங்கி வந்து ஈரத் துணியை எல்லாம் கூடையில அள்ளினார். நான் பரவால்ல பரவால்லன்னு சொல்லிட்டே நின்னேன், அவர் கூடையைத் தூக்கிட்டு, நே, நு ஸ்கா யா இந்தெ ஸ்தொரா மேர்னு, இல்ல இனி உங்களைத் தொந்தரவு பண்ணலன்னு சொல்லி படி ஏறினார்.

பாதிப் படியில நின்னு திரும்பிப் பாத்தார். ஃபொர்ரெஸ்தென், இடது பக்க மெஷின்ல தண்ணி சூடாகவே மாட்டேங்குதுன்னார். நான் வெள்ளைத் துணியை எடுத்து வலது பக்கத்துல போட்டேன்.